சாப்பாட்டறை மணி

தை பிறந்து பத்து நாள். போயா லீவு.
அக்கரப்பத்தனைப் பக்கம் முந்தின இரவு உறைபனி கொட்டி
கொழுந்தெல்லாம் கருகிக் கிடந்தது,
யாரோ மலை மலையாகத் தீக்குச்சி உரசிப் போட்டதுபோல.
மொரிசின் ஓட்டோவில் நாங்கள் மூவர் பின்னால்,
ஒரே சால்வைக்குள்.
ஃபர்ஹானாவின் மூக்கு மட்டும் வெளியே.

பெரிய துரை பங்களாவை இப்போது
காசு கொடுத்துப் பார்க்கலாம்.
வாசலில் பலகை:
உள்நாட்டார் ஐந்நூறு, வெளிநாட்டார் மூவாயிரம்.
"நாங்க இதில எந்தப் பக்கம்?"
என்றாள் புஷ்பகாந்தி.
டிக்கட் கிழித்தவர் நிமிர்ந்து பார்த்தார்,
விளங்கவில்லை,
மிச்சக் காசை எண்ணத் தொடங்கினார்.

உள்ளே தேக்குத் தரை.
சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள்,
கழற்றினோம்; குளிர் உள்ளங்காலில் ஏறி
பல்லில் வந்து நின்றது.
கணப்பில் சவுக்குக் கட்டை வெடித்துக்கொண்டிருந்தது,
கயிறு கட்டித் தூரமாக்கிய நெருப்பு.
சிங்கக் கால் வைத்த குளியல் தொட்டியில்
ஃபர்ஹானா ஏறி உட்கார்ந்து படம் எடுத்தாள்.
மொரிஸ் அறைகளைக் காலடியால் அளந்தான்.
"உடுப்பு மாத்துற அறை மட்டும்
ரெண்டு லயக் காம்பிரா வருது"
என்று வந்து சொன்னான்,
காணி வாங்க வந்தவன் மாதிரி.

சுவரில் துரைமார் வரிசை.
நாய்களின் பெயரும் எழுதியிருந்தது.

சாப்பாட்டறையில்தான் அது.
பதினாறு பேர் மேசைக்கு அடியில்,
தலைமாட்டு நாற்காலிக்கு நேரே,
தரையோடு தரையாய் ஒரு பித்தளைப் பொத்தான்.
கை நோகாமல், பேச்சு முறியாமல்
துரைசானி காலால் ஆள் கூப்பிட வைத்தது.
"நூறு வருஷப் பழசு, எங்க வேலை செய்யப் போகுது?"
என்று நான்தான் மிதித்தேன்.

எங்கோ, மூன்று சுவருக்கு அப்பால்,
மணி அடித்தது.

சிரித்துக்கொண்டிருந்தோம்.
அப்புறம் ஓட்டச் சத்தம் கேட்டது.
நடை இல்லை, ஓட்டம்.
வெள்ளைக் கோட்டு, கழுத்துவரை பொத்தான்,
நெஞ்சில் ஆங்கில எழுத்தில் டேவ்.
மூச்சு வாங்க நின்றவன்
என்னைப் பார்த்து,
"டீச்சர்" என்றான்.

தவசீலன்.
பத்தாம் வகுப்பு இடாப்பில் பதினேழாம் பெயர்.
மாசி தொடங்கி ஆடி வரைக்கும்
கூப்பிட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் பொறுத்து
சிவப்புப் பேனையால் பூச்சியம் போட்ட பெயர்.
வீட்டுக்கு இரண்டு கடிதம் அனுப்பினேன்.
அதிபர் ஒருநாள் லயத்துக்கே போய் வந்தார்.
அதற்கெல்லாம் வராதவன்
என் பெருவிரலுக்கு வந்துவிட்டான்.

மேசைக்கு அடியில் இருந்த காலை
மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டேன்.
அவன் அதைப் பார்த்தானா, தெரியாது.
"மணி அடிச்சா ரெண்டு நிமிஷத்துல நிக்கணும் டீச்சர்,
மனேஜர் கடிகாரம் பார்ப்பாரு"
என்று யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னான்.
பிறகு, "கணக்கு சேர் இன்னும் டஸ்டரால எறியிறாரா?"
மொரிஸ்தான் பதில் சொன்னான். எனக்கு வாய் வரவில்லை.

தேத்தண்ணி கொண்டுவரவா என்று
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டான்,
கேட்ட கையோடு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு
குரலை இறக்கினான்:
"இங்க குடிக்காதீங்க, கோப்பை தொள்ளாயிரம்.
பணிய சந்தியில எங்க அக்கா கடை இருக்கு.
நான் அனுப்பினேன்னு சொல்லுங்க, இஞ்சி போடுவா."

வெயில் ஏறி, கருகின கொழுந்திலிருந்து
தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது.
ஓட்டோவில் யாரும் பேசவில்லை,
புஷ்பகாந்தி மட்டும் சப்பாத்து நாடாவை
இரண்டாம் தரமும் அவிழ்த்துக் கட்டினாள்.

அக்கா கடையில் ஒரே ஒரு மேசை.
இஞ்சி தாராளமாகப் போட்டிருந்தாள்.
உட்கார்ந்ததும் மேசைக்கு அடியில்
குனிந்து பார்த்துவிட்டுத்தான் காலை நீட்டினேன்.
ஒரு பூனை படுத்திருந்தது.
நகரவில்லை.